ஃபேன் நின்ற பிறகு கேட்பது: ரியோஜி இகேடாவின் 'பீப்' இசைக்கு ஓர் அறிமுகம்

கரண்ட் போகும் நொடியில் நடக்கும் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். ஃபேன், ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் ஒரே சமயத்தில் நிற்கும். அப்போதுதான் "அடேங்கப்பா, இவ்வளவு சத்தத்திலா இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தோம்?" என்று தோன்றும். இருந்தவரை காதில் விழாத சத்தம், போன பிறகு விழுகிறது.

1996-ல் ஒரு ஜப்பானியர் இதையே தன் இசைத்தட்டில் வைத்தார். அவர் பெயர் ரியோஜி இகேடா. தட்டின் பெயர் 'பிளஸ்/மைனஸ்'. உறையில் வெறும் கூட்டல், கழித்தல் குறிகள்தான் இருக்கும். அதன் கடைசிப் பகுதியில் மிக மெல்லிய, மிக உயர்ந்த ஓர் ஒலி ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்ற பிறகுதான் இருந்ததே தெரியவரும் என்று தட்டோடு வந்த குறிப்பும் சொல்கிறது. நான் முதல் தடவை கேட்டபோது ஹெட்போன் வயர் போய்விட்டது என்று நினைத்து அதைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தேன்.

இகேடாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று பதில்கள்தான் வரும். "அது வெறும் இரைச்சல்" என்பது ஒன்று. "அவர் தரவை இசையாக மாற்றுபவர்" என்பது இன்னொன்று. "ஓ, அந்த லைட் ஷோ போடுகிறவரா?" என்பது மூன்றாவது. முதலாவது தவறு. மூன்றாவதைக் கேட்டு யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். இரண்டாவதில் பாதிதான் உண்மை, அதனால்தான் அது அதிகம் குழப்புகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆள் யார்?

1966-ல் ஜப்பானின் கிஃபு என்ற ஊரில் பிறந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டிஜேயாக இருந்தார். அப்புறம் கியோட்டோவில் இயங்கிய 'டம்ப் டைப்' என்ற குழுவில் சேர்ந்தார். 1984-ல் கலைக்கல்லூரி மாணவர்கள் சிலர் ஆரம்பித்த குழு அது. நடனம், நாடகம், ஒளி, திரைப்படம், ஒலி எல்லாவற்றையும் ஒரே மேடையில் கலப்பார்கள். குழுவின் மையமாக இருந்த தெய்ஜி ஃபுருஹாஷி 1995-ல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். அதற்குப் பின் 1997-ல் அவர்கள் செய்த 'ஓ.ஆர்.' என்ற படைப்பு, உயிருக்கும் சாவுக்கும் நடுவிலுள்ள கோட்டைப் பற்றியது. அதற்கு இகேடா ஒலி அமைத்தார். கண்ணைக் கூசும் வெள்ளை ஒளி, காதைத் துளைக்கும் ஒற்றை ஒலி, இரண்டும் ஒரே கணத்தில் வெட்டி வெட்டி வருவது என்று பிற்பாடு அவர் முத்திரையாக ஆன பலவும் இந்த மேடைகளில் உருவானவை.

இப்போது பாரிஸிலும் கியோட்டோவிலும் மாறி மாறி இருக்கிறார். பேட்டி தருவது அரிது. தன் படைப்புகளுக்கு விளக்கம் சொல்லவும் அவருக்குப் பிடிக்காது. அதனால் விளக்குகிற வேலை என்னைப் போன்றவர்கள் தலையில் விழுகிறது.

உப்புக் கல்லும் குழம்பும்

குழம்பில் உப்பு இருக்கிறது. ஆனால் வாயில் வைத்ததும் உப்பு தனியாகத் தெரிவதில்லை. புளி, காரம், பெருங்காயம் எல்லாம் சேர்ந்த ருசிதான் தெரியும். ஒரே ஒரு உப்புக் கல்லை எடுத்து நாக்கில் வைத்தால் அது வேறு கதை.

ஒலியும் இப்படித்தான். காற்று ஒரு நொடியில் எத்தனை தடவை முன்னும் பின்னும் அசைகிறதோ அந்த எண்ணிக்கைக்கு அதிர்வெண் என்று பெயர், அதன் அலகு ஹெர்ட்ஸ். அதிர்வெண் கூடினால் ஒலி கீச்சென்று மேலே போகும், குறைந்தால் உறுமும். நம் காது சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல்பக்கம் தேய்ந்துகொண்டே வரும். உங்கள் அம்மாவின் குரல், நாதஸ்வரம், கதவு கிறீச்சிடுவது எல்லாமே பல அதிர்வெண்கள் சேர்ந்த குழம்பு.

உப்புக் கல்லுக்குச் சமமான ஒலி சைன் அலை. ஒரே ஒரு அதிர்வெண், வேறு எதுவும் கலக்காதது. இசைக்கவையைத் தட்டினால் கிட்டத்தட்ட இது வரும். இயற்கையில் முழுச் சுத்தமாகக் கிடைப்பது அபூர்வம். அதற்கு நேரெதிர் வெண் இரைச்சல். அதில் எல்லா அதிர்வெண்களும் சம அளவில் கொட்டிக் கிடக்கும். பழைய டிவியில் சிக்னல் போனால் வரும் 'ஷ்ஷ்' இருக்கிறதே, அது.

இகேடாவின் தொடக்ககாலப் பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் இவ்வளவுதான்: சைன் அலை, வெண் இரைச்சல், கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவான 'டிக்' ஒலிகள். மெட்டு இல்லை, குரல் இல்லை. மளிகைக்கடையே எதிரில் இருந்தும் உப்பை மட்டும் வாங்கிவந்து சமைக்க உட்கார்ந்தவர் மாதிரி. "வெறும் இரைச்சல்" என்கிறவர்கள் கவனிக்காதது இது: அவர் இசையில் இரைச்சலாகக் கேட்பதும் நறுக்கி, அளந்து, மில்லிநொடி கணக்கில் வைக்கப்பட்டது. அலங்கோலம் என்று சொல்ல அதில் ஒரு துளிகூட இல்லை.

இரண்டு கற்களை உரசினால்

சரி, ஒற்றை ஒலியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

இரண்டு செல்போன்களில் ஒலி எழுப்பும் இலவச ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றில் 440 ஹெர்ட்ஸ், இன்னொன்றில் 442. தனித்தனியாகக் கேட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் "வ்வோம்... வ்வோம்..." என்று நொடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். பள்ளிப் பாடநூல் இதை விம்மல் என்கிறது, அழகான சொல். இரண்டு அலைகளும் ஒத்துப்போகும்போது ஒலி பெரிதாகும், எதிர்த்துப்போகும்போது அழியும். 442-லிருந்து 440-ஐக் கழித்தால் 2. அதுதான் நொடிக்கு இரண்டு விம்மல். தம்புரா சுருதி சேர்ப்பவர்கள் இந்த அலைச்சல் அடங்கும்வரைதான் பிருடையைத் திருகுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் துடிப்பு எந்தச் செல்போனிலும் பதிவாகி இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் அது பிறக்கிறது. தாளக்காரர் இல்லாமலே தாளம்.

அறைக்குள் நடந்து பார்த்தல்

இப்போது ஒரு செல்போன் போதும். 1,000 ஹெர்ட்ஸ் வையுங்கள். சாமான் குறைவாக உள்ள, சுவர் தெரியும் அறையாக இருந்தால் நல்லது. ஒரு காதை மூடிக்கொண்டு தலையை மெதுவாக அசையுங்கள். ஒலி ஓரிடத்தில் பெரிதாகவும் கொஞ்சம் தள்ளினால் காணாமலும் போகும். எங்கள் வீட்டில் இதைச் செய்துகொண்டிருந்தபோது அம்மா வந்து பார்த்துவிட்டு, "கழுத்து சுளுக்கா?" என்று கேட்டுத் தைலம் எடுத்துவந்தார்.

காரணம் சுவர். நேராக வரும் அலையும் சுவரில் மோதித் திரும்பும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அறைக்குள் சில இடங்களில் நிரந்தரமாகப் பெரிதாகவும் சில இடங்களில் நிரந்தரமாகச் சிறிதாகவும் நின்றுவிடுகின்றன. இதற்கு நிலை அலை என்று பெயர். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நீளம் 34 சென்டிமீட்டர். உச்ச இடத்திலிருந்து மௌன இடத்துக்குப் போக அதில் கால்பங்கு, அதாவது எட்டரை சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். 10,000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சென்டிமீட்டர்கூட வேண்டாம். தலையைத் திருப்பினாலே ஒலி மாறிவிடும்.

2000-ல் வந்த 'மேட்ரிக்ஸ்' தட்டு இதன்மேல் கட்டியது. அதன் முதல் பாகத்துக்கே 'அறைகளுக்காக' என்று பெயர். ஹெட்போனில் கேட்டால் ஒரே மாதிரி ஓடும் மந்தமான ஒலி, பலர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எழுந்து நடந்தால் அறை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோலம் போட்டிருப்பது புரியும். நீங்கள் நடக்கும் வழிதான் உங்களுக்குக் கேட்கும் பாட்டு, சோபாவில் இருப்பவருக்கு வேறு பாட்டு. 2001-ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நடக்கும் ஆர்ஸ் எலெக்ட்ரானிக்கா விழா, டிஜிட்டல் இசைக்கான தன் உயரிய விருதான தங்க நிகாவை இதற்குத் தந்தது.

ஒரு எச்சரிக்கை. மிக உயர்ந்த ஒலிகள் கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றாதீர்கள். உங்களுக்குக் கேட்காவிட்டாலும் காதுக்குள் போகத்தான் போகிறது.

இதுவரை பார்த்தது: சைன் அலை என்பது ஒரே அதிர்வெண், வெண் இரைச்சல் என்பது எல்லா அதிர்வெண்ணும். இரண்டு சைன் அலைகள் நெருங்கினால் விம்மல், சுவரோடு சேர்ந்தால் நிலை அலை. இகேடாவின் முதல் பத்தாண்டு பெரும்பாலும் இதற்குள் அடங்கும்.

"தரவை இசையாக்குகிறார்" என்றால் என்ன?

சிக்கலான பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

கம்ப்யூட்டரில் இருக்கும் எதுவும் எண்கள்தான். பாட்டும் எண், கல்யாண போட்டோவும் எண், இந்தக் கட்டுரையும் எண். இப்படிச் சேமித்த எண்களைத் தரவு என்கிறோம். சிடி-யில் ஒரு நொடி இசை என்றால், ஒரு பக்க ஸ்பீக்கருக்கு 44,100 எண்கள். ஒவ்வொரு எண்ணும் அந்தக் கணத்தில் ஸ்பீக்கரின் தாள் எவ்வளவு முன்னே நிற்க வேண்டும் என்று சொல்கிறது.

அப்படியானால் ஒரு போட்டோவின் எண்களை ஸ்பீக்கருக்குக் கொடுத்தால்? தாராளமாகக் கொடுக்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் எந்தக் கோப்பையும் 'இது ஒலிதான்' என்று சொல்லித் திறக்க ஒரு வழி இருக்கிறது. நான் செய்து பார்த்தேன். ஜேபெக் படம் ஒன்றைத் திறந்தால் 'ஷ்ஷ்' என்று வெண் இரைச்சல் மாதிரி வருகிறது. ஏனென்றால் அது சுருக்கப்பட்ட கோப்பு. சுருக்குவது என்றாலே திரும்பத் திரும்ப வருவதை நீக்குவது. அதை நீக்கியபின் மிஞ்சும் எண்களில் ஒழுங்கு எதுவும் வெளியே தெரியாது.

அதே படத்தைச் சுருக்காத கறுப்பு வெள்ளைக் கோப்பாக, புள்ளிக்கு ஓர் எண் என்ற கணக்கில் வைத்துத் திறந்தால் வேறு மாதிரி. படத்தின் அகலம் 441 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். மேல் வரிசையும் அதற்கு அடுத்த வரிசையும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஆகவே 441 எண்களுக்கு ஒரு தடவை அதே ஏற்ற இறக்கம் திரும்ப வரும். 44,100-ஐ 441-ஆல் வகுத்தால் 100. நொடிக்கு நூறு தடவை, அதாவது 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்கிறதே, ஏறக்குறைய அந்தச் சுருதி. படத்தில் இருப்பது தாத்தாவா தாஜ்மகாலா என்பதைப் பற்றி ஒலிக்கு அக்கறையில்லை. சுருதியைத் தீர்மானித்தது அகலம்.

இங்கேதான் விஷயம் பிடிபடும். தரவு தானாகப் பாடுவதில்லை. எந்த எண் ஒலியில் எதுவாக வேண்டும் என்று ஒருவர் விதி போட வேண்டும். எண்ணைச் சுருதியாக்கலாம், இடைவெளியாக்கலாம், இடது வலது ஸ்பீக்கர் என்று பிரிக்கலாம். விதியை மாற்றினால் அதே தரவு வேறு இசை. இப்படித் தரவை ஒலியாக மாற்றும் வேலைக்கு ஒலியாக்கம் என்று பெயர். கதிர்வீச்சு அளக்கும் கருவி 'டிக் டிக்' என்பதும் ஒலியாக்கம்தான். அங்கே டிக் வேகமானால் ஓடு என்று அர்த்தம். இகேடாவிடம் அப்படித் தகவல் எதுவும் கிடைக்காது, அவர் அதைத் தர முயலவும் இல்லை. தரவு அவருக்கு மரம், கல் மாதிரி. கட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதல்ல, அதை எப்படிச் செதுக்குவது என்பதே அவர் கவலை.

2005-ல் வந்த 'டேட்டாப்ளெக்ஸ்' தட்டு, 2006-ல் தொடங்கிய 'டேட்டாமேடிக்ஸ்' வரிசை, 2008-ன் 'டெஸ்ட் பேட்டர்ன்' எல்லாம் இந்தக் காலம். 'டெஸ்ட் பேட்டர்ன்' எழுத்து, ஒலி, படம் எதையும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளாக மாற்றும் ஓர் அமைப்பு. மளிகைப் பாக்கெட்டின் பின்னால் இருக்கும் பார்கோடு ஒரு மண்டபத் தரை முழுக்க விரிந்து, ஒலியோடு சேர்ந்து துடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 2013-ல் சிட்னியின் கேரியேஜ்வொர்க்ஸ் கலைக்கூடத்தில் மக்கள் அந்தத் தரைமேலேயே படுத்துக் கிடந்தார்கள். 2014 அக்டோபரில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் இரவு 11:57-லிருந்து பன்னிரண்டு மணிவரை, மூன்றே நிமிடம், விளம்பரத் திரைகளில் இந்தப் பட்டைகள் ஓடின. ஒளி மிக வேகமாக வெட்டுவதால் வலிப்பு வரும் வாய்ப்புள்ளவர்கள் இந்தக் காணொளிகளைத் தவிர்ப்பது நல்லது.

கம்ப்யூட்டரே எல்லாம் செய்துவிடுகிறது என்று இன்னமும் தோன்றினால், 2012-ல் வந்த 'சூப்பர்பொசிஷன்' என்ற மேடைப் படைப்பைச் சொல்கிறேன். மேடையில் இரண்டு மனிதர்கள் உட்கார்ந்து பழைய தந்தி அலுவலகக் கட்டையில் தட்டுவதுபோல மோர்ஸ் குறியீட்டைக் கையால் தட்டுவார்கள், இசைக்கவைகளை ஒலிக்க வைப்பார்கள். சுற்றிலும் திரைகளில் தரவு கொட்டிக்கொண்டிருக்கும்.

பார்த்தால் தெரியாத வித்தியாசம்

2008-ல் ஹார்வர்டின் எண்கணித அறிஞர் பெனடிக்ட் கிராஸுடன் சேர்ந்து பாரிஸில் ஒரு கண்காட்சி வைத்தார். பல லட்சம் இலக்கங்கள் கொண்ட எண்கள், மிகப் பொடி எழுத்தில். தள்ளி நின்று பார்த்தால் சாம்பல் நிறத் தகடு. அவற்றில் ஒருவகை பகா எண், அதாவது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண். இன்னொருவகை தற்செயலாகக் கோத்த இலக்கங்கள். எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. இரும்பு போன்ற ஒழுங்கும் ஒழுங்கே இல்லாமையும் அடுத்தடுத்து நின்று ஒரே முகம் காட்டுகின்றன. ஜேபெக் கோப்பு 'ஷ்ஷ்' என்றதும் இதே சங்கதிதான்.

பிறகு 2014–15-ல் செர்ன் என்ற ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் தங்கிப் பணியாற்றினார். 2019-ல் வெனிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியில் 'டேட்டா-வெர்ஸ்' வரிசையின் முதல் பாகம் வந்தது. செர்ன், நாசா, மனித மரபணுத் திட்டம் ஆகியவை பொதுவில் வைத்த தரவுகள் அதில் உண்டு. பிரமாண்டம்தான். எனக்கு என்னவோ, அந்தச் சாம்பல் தகடுகள் சொன்னதைவிட அதிகமாக அது சொல்லிவிடவில்லை என்றே படுகிறது.

49 விளக்குகள், 100 கார்கள்

ஒளிக்கும் அவர் இதே சிக்கனத்தைத்தான் வைத்திருந்தார். 'ஸ்பெக்ட்ரா' என்ற படைப்பில் தேடுவிளக்குகளைக் கட்டம் கட்டி வானத்தை நோக்கி நிறுத்துவார், அவ்வளவுதான். 2014 ஆகஸ்ட் 4, முதல் உலகப்போரில் பிரிட்டன் இறங்கி நூறாண்டு நிறைந்த இரவு. ஒரு மணி நேரம் விளக்குகளை அணைக்கும்படி நாடெங்கும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இருட்டில் லண்டன் நாடாளுமன்றத்தை ஒட்டிய பூங்காவிலிருந்து 49 விளக்குகள் ஏழுக்கு ஏழாக நின்று, ஒரே வெள்ளைத் தூணாக மேலே போயின. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஒளி மட்டும். விளக்குகளுக்கு நடுவே நடந்தவர்களுக்குக் காலடிக்குக் காலடி மாறும் சைன் அலைகளும் உண்டு. 'மேட்ரிக்ஸ்' அறையின் சுவரை இடித்துவிட்டு ஊருக்கு நடுவில் வைத்த மாதிரி.

2017 அக்டோபர் 15 அன்று லாஸ் ஏஞ்சலஸில் செய்ததுதான் எனக்கு மிகப் பிடித்தது. மேற்கத்திய இசையில் 'ஏ' என்ற ஸ்வரத்தை வைத்துத்தான் எல்லாரும் சுருதி சேர்ப்பார்கள். இன்று அது 440 ஹெர்ட்ஸ். அப்படி முடிவானது 1939-ல், லண்டனில் கூடிய ஒரு மாநாட்டில். அதற்கு முன் ஊருக்கு ஒரு 'ஏ'. பிரான்ஸ் 1859-ல் 435 என்று சட்டமே போட்டது. பழைய இசையமைப்பாளர் ஹாண்டெலின் இசைக்கவை 422.5. நம் பாடகர்கள் ஒன்றரைக் கட்டை, ஐந்து கட்டை என்று தங்கள் குரலுக்குத் தக்கபடி சுருதி வைத்துக்கொள்வதால் நமக்கு இந்தச் சண்டை விசித்திரமாகத் தெரியும்.

இகேடா 100 கார்களைத் திறந்தவெளியில் நிறுத்தினார். தெருவே அதிரும்படி ஸ்பீக்கர் பொருத்தி வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தக் கார்களோடு வந்திருந்தார்கள். காருக்கு ஒரு சிறு சைன் அலைக் கருவி. அதைச் செய்து கொடுத்தவர் சிந்தசைசர் வடிவமைப்பாளர் தத்சுயா தகாஹாஷி. ஒவ்வொரு காருக்கும் வரலாற்றில் எங்கோ எப்போதோ வழங்கிய ஒரு 'ஏ'. 435 காருக்கும் 440 காருக்கும் நடுவில் நின்றால் என்ன கேட்கும் என்று இப்போது நீங்களே கணக்குப் போடலாம். நொடிக்கு ஐந்து விம்மல். அப்படி நூறு கார்கள், அவற்றுக்கு நடுவே நடக்கும் மனிதர்கள்.

மின்சாரம் இல்லாமல்

2002-ல் 'ஓபஸ்' என்ற பொருளில் 'ஓ.பி.' என்று ஒரு தட்டு வந்தது. வயலின், செல்லோ போன்ற தந்தி வாத்தியங்கள் மட்டுமே, மின்னணு ஒலி கிடையாது. பிறகு தாளக்கருவிகள் பக்கம் போனார். 2018-ல் வந்த தாளவாத்தியத் தட்டில் உடம்பைத் தட்டி வாசிக்கும் பகுதியும் உண்டு.

2019-ல் லாஸ் ஏஞ்சலஸில் '100 சிம்பல்கள்' அரங்கேறியது. சிம்பல் என்பது வெண்கலத் தட்டு. அதைக் குச்சியால் ஓங்கி அடித்தால் 'ஷ்ஷாங்' என்று வருவது, எல்லா அதிர்வெண்ணும் கொட்டும் வெண் இரைச்சலுக்கு நெருங்கிய சொந்தம். அதே தட்டின் விளிம்பை மென்மையான குச்சியால், கேட்டும் கேட்காததுமாக உருட்டினால் ஒரு ஒற்றைச் சுருதி மெல்ல எழும்பி நிற்கும், சைன் அலைக்குப் பக்கத்தில். நூறு தட்டுகள் கட்டம் கட்டி நிற்க, நடுவே பத்துப் பேர் நின்று கையால் வாசிக்கிறார்கள். 1996-ல் கூட்டல் குறி ஒரு முனை, கழித்தல் குறி ஒரு முனை என்று போட்டாரே, அந்த இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள தூரம் முழுவதும் ஒரே வெண்கலத் தட்டுக்குள் இருந்திருக்கிறது. வீட்டில் எவர்சில்வர் தட்டு இருக்குமே, கரண்டியால் ஓங்கியும் மெதுவாகவும் தட்டிப் பாருங்கள். அம்மா தைலம் எடுத்து வந்தால் நான் பொறுப்பல்ல.